காசு கட்டினால் சைட்டேஷன் கூடுமா? ஓப்பன் ஆக்சஸ் கட்டணம் பற்றி

ஆய்வுக் கட்டுரை (பேப்பர்) ஒரு ஜர்னலில் அக்செப்ட் ஆனதும் பதிப்பகத்திலிருந்து உரிமைப் படிவம் வரும். அதில் இரண்டு வழி: சந்தா கட்டியவர்கள் மட்டும் படிக்கும் சந்தா முறை என்றால் நமக்குக் கட்டணமில்லை, யாரும் இலவசமாகப் படிக்கும் ஓப்பன் ஆக்சஸ் என்றால் நாம் கட்டணம் கட்ட வேண்டும். காசு கேட்கும் வழிக்குப் பக்கத்திலேயே, இப்படி வெளியிட்டால் சைட்டேஷன், அதாவது மற்றவர்கள் நம் பேப்பரை மேற்கோள் காட்டுவது, கூடும் என்று ஆசை காட்டியிருப்பார்கள். எங்கள் ஆய்வகம் ஒரு பேப்பருக்கு ப்ராஜெக்ட் பணத்தில் கட்டிப் பார்த்தது.

வாசகர்கள் கிடைத்தார்கள், அதில் சந்தேகமே இல்லை. டவுன்லோட் நன்றாக ஏறியது. சந்தா இல்லாத கல்லூரிப் பிள்ளைகள் பிடிஎஃப் கேட்டு மெயில் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. சிசி பை (CC BY) என்ற திறந்த உரிமம் என்பதால், பெயரைக் குறிப்பிட்டுவிட்டு எங்கள் வரைபடத்தை யாரும் பாடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு இது பெரிய விஷயம்.

சைட்டேஷனுக்காகக் கட்டுவதென்றால் வேண்டாம் என்பேன். ஆய்விதழ்ப் பதிப்பை ஆராய்ந்த ஃபிலிப் டேவிஸ் 2011-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். 36 ஜர்னல்கள், 3,245 கட்டுரைகள். அதில் 712-ஐக் குலுக்கல் முறையில் எடுத்து இலவசமாகத் திறந்துவிட்டார்கள். எதைத் திறப்பது என்பதில் கட்டுரையாசிரியர்களுக்குப் பங்கே இல்லை. டவுன்லோட் கூடியது, மூன்று ஆண்டுக் கணக்கில் சைட்டேஷன் கூடவில்லை. மேற்கோள் காட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு நூலகச் சந்தா ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் டேவிஸ் சொல்லும் காரணம்.

2018-இல் ஹெதர் பிவோவார் என்ற ஆய்வாளரின் குழு, ஓப்பன் ஆக்சஸ் பேப்பர்களுக்குச் சைட்டேஷன் 18 சதவீதம் கூடுதல் என்று கண்டதே என்று கேட்பீர்கள். அந்தக் கணக்கில் கட்டுரையாசிரியர்களே இலவசமாக ஏற்றிவைத்த பிரதிகளும் சேர்த்தி. போதாததற்கு, நிதி வசதியுள்ள குழு தன் சிறந்த பேப்பருக்குத்தான் காசு கட்டும். அந்தப் பேப்பர் எப்படியும் மேற்கோளாகும். கட்டணத்தின் பலன் எது, பேப்பரின் தரம் எது என்று அங்கே பிரித்தறிவது கடினம்.

விலையோ தலைசுற்றும். 2021-இல் நேச்சர் இதழ் ஒரு பேப்பருக்கு வைத்த கட்டணம் 9,500 யூரோ! ஓர் ஆய்வு மாணவரின் பல மாத உதவித்தொகை அது.

நிதி தரும் அமைப்பு கட்டாயப்படுத்தினாலோ, உங்கள் நிறுவனமே பதிப்பகத்துடன் போட்ட ஒப்பந்தத்தில் கட்டிவிட்டாலோ ஓப்பன் ஆக்சஸைத் தாராளமாக எடுங்கள். இல்லையென்றால் சந்தா வழியில் வெளியிட்டு, ரெவ்யூ திருத்தமெல்லாம் முடிந்த உங்கள் சொந்தப் பிரதியை உங்கள் நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்திலோ, 1991 முதல் இலவசமாக இயங்கும் ஆர்க்கைவ் (arXiv) இணையதளத்திலோ ஏற்றுங்கள். பதிப்பகம் அச்சுக்கோத்த பிடிஎஃபைப் பொதுவாக ஏற்றக் கூடாது. சில ஜர்னல்கள் ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருக்கச் சொல்லும். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அந்த விதியைப் படித்துவிடுங்கள்.