நெல் நிலம் வேறு பயனுக்கு மாறுவதைக் கண்காணிக்க எர்த் எஞ்சின் போதுமா?

கூகுள் எர்த் எஞ்சினில் லேண்ட்சாட், சென்டினல் செயற்கைக்கோள் படங்களை இறக்கிச் சேமிக்காமல் பிரவுசர் வழியாகவே கணக்கிடலாம். வணிகம் சாராத பயன்பாட்டுக்குக் கட்டணமும் இல்லை. இந்த இரண்டுக்காகவே அதற்கு நான்கு நட்சத்திரம் தரலாம். ஐந்தாவதைக் கெடுப்பது அதில் கிடைக்கும் ஆயத்த நிலப்பயன் வரைபடங்கள்.

அப்படியொரு வரைபடமான டைனமிக் வேர்ல்டில் 9 நில வகைகள் உண்டு, நெல்லுக்கென்று ஒன்றும் கிடையாது. ஒரே வயல் நடவின்போது தண்ணீர், பிறகு பயிர், அறுவடைக்குப் பின் வெற்று நிலம் என்று வேஷம் மாற்றும். வெவ்வேறு மாதப் படங்களை ஒப்பிட்டால், காலங்காலமாக நெல் விளையும் வயல்கூட 'மாறிய நிலம்' ஆகிவிடும். இன்னோர் ஆயத்த வரைபடமான வேர்ல்டுகவரின் 2020, 2021 பதிப்புகளைக் கழித்துப் பார்ப்பதும் வீண். இரண்டும் வெவ்வேறு அல்காரிதத்தில் தயாரானவை.

நம்பத்தக்கது சென்டினல்-1 ரேடார். மேகம் அதற்குத் தடையில்லை. நடவுக்குத் தண்ணீர் கட்டியதும் வி.எச். மதிப்பு (செங்குத்தாக அனுப்பிய ரேடார் அலை கிடையாகத் திரும்பும் அளவு) சட்டென்று விழுந்து -20 டெசிபல் பக்கம் போகும். பயிர் தூர்கட்டித் தழைக்கத் தழைக்க ஏறும். பருவந்தோறும் இந்தப் பள்ளமும் ஏற்றமும் வந்தால் அது நெல். வருஷம் முழுக்கக் கீழேயே கிடந்தால் பெரும்பாலும் இறால் அல்லது மீன் குட்டை. பள்ளமே மறைந்து வி.வி. (செங்குத்தாகவே திரும்பும் அளவு) உயர்ந்து நின்றால் கட்டடம். நேரடி விதைப்பு வயலில் மட்டும் கவனம் தேவை: தண்ணீர் நிற்காததால் பள்ளம் தெளிவாக விழாது. செயற்கைக்கோள் வடக்கே போகும்போது எடுத்த ஏறு பாதை, தெற்கே வரும்போது எடுத்த இறங்கு பாதைப் படங்களையும் கலக்கக் கூடாது. பார்க்கும் கோணம் வேறு என்பதால் இல்லாத ஏற்ற இறக்கம் வரும். ரேடார் படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் புள்ளி இரைச்சலையும் நாமேதான் வடிகட்ட வேண்டும்.

ஒரு பருவம் பள்ளம் இல்லையென்றால் அது தரிசாகவும் இருக்கலாம். தொடர்ந்து மூன்று வருஷமாவது வராமல் இருந்தால்தான் 'மாற்றம்' என்று குறிக்கலாம்.

ரேடார் அல்லாத சாதாரண ஒளிப்படம் தரும் சென்டினல்-2 சேர்ப்பவர்கள், எல்லா வருஷ மதிப்புகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த 'ஹார்மனைஸ்டு' தொகுப்பையே எடுங்கள். 2022 ஜனவரி 25 முதல் மூல மதிப்புகளில் 1000 கூடியிருக்கிறது. அதைச் சரிசெய்யாவிட்டால் பசுமையை அளக்கும் என்.டி.வி.ஐ. குறியீடு இறங்கி, ஊரே பச்சை இழந்ததுபோலத் தெரியும்.

பெரிய பரப்பை ஓடவிட்டால் மெமரி போதவில்லை என்று நின்றுவிடும். திரையில் அச்சிடாமல் எக்ஸ்போர்ட்டாக அனுப்பி, கணக்கைச் சிறு துண்டுகளாக்கும் டைல்ஸ்கேல் அமைப்பை 4 ஆக்குங்கள். எக்ஸ்போர்ட்டில் எத்தனை பிக்சல் போகலாம் என்ற மேக்ஸ்பிக்சல் வரம்பு இயல்பாக 10 கோடிதான். 10 மீட்டர் பிக்சலில் அது 10,000 சதுர கிலோமீட்டர்.

கடைசியில் வரும் ஏக்கர் கணக்கை அப்படியே அறிக்கையில் போடாதீர்கள். ஓர் ஏக்கர் வயலுக்குச் சுமார் 40 பிக்சல். வரப்போரத்தில் கலந்தவற்றை நீக்கினால் பாதிகூட மிஞ்சாது. மாறியது, மாறாதது இரண்டிலும் குலுக்கல் முறையில் புள்ளிகள் எடுத்து, தெளிவான படத்திலோ களத்திலோ சரிபார்த்து, பிழை விகிதத்தைக் கொண்டு பரப்பைத் திருத்திய பிறகே எண்ணை வெளியே சொல்ல வேண்டும்.