சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: அவ்வளவு நேரம் உட்கார முடியுமா?

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நியூயார்க் நேரடி விமானத்தில் போய் வந்ததிலிருந்து எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் எப்படி உட்கார்ந்தாய் என்று. முடியும். போகும்போது நன்றாகவே முடிந்தது.

முதலில் தூரம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு மிகக் குறுகிய வழி சுமார் 15,350 கிலோமீட்டர், அந்தக் கோடு கிட்டத்தட்ட வடதுருவத்தின் மேலேயே போகும். ஆனால் விமானம் பெரும்பாலும் அப்படிப் போவதில்லை. ஜப்பான் பக்கமாக ஏறி, பசிபிக்கைக் கடந்து, அமெரிக்காவின் குறுக்கே போகிறது. கிலோமீட்டர் கூடினாலும் மேலே மேற்கிலிருந்து கிழக்கே வீசும் வேகமான காற்று பின்னாலிருந்து தள்ளிவிடுவதால் நேரம் மிச்சம். அதனால் தூரத்தை மட்டும் பார்த்துப் பயண நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள், அட்டவணையில் போட்டிருக்கும் நேரத்தைப் பாருங்கள், ஏறக்குறைய 18 மணி 40 நிமிடம்.

இதற்கென்றே கூடுதல் எரிபொருள் ஏற்றும்படி செய்த ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் விமானம் இது. மொத்தமே 161 இருக்கைகள், பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி கிடையவே கிடையாது. டிக்கெட் விலை கையைக் கடிக்கும், அதைச் சொல்லத்தான் வேண்டும். பட்ஜெட் இடிக்கிறது என்றால் இதே நிறுவனத்தின் ஃப்ராங்க்ஃபர்ட் வழி விமானம் இருக்கிறது, ஆனால் மொத்தம் ஒரு நாள் பிடிக்கும், தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏற வேண்டும். வயதான அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் காசைப் பார்க்காமல் நேரடியையே எடுங்கள்.

நள்ளிரவை ஒட்டிக் கிளம்பியதால் சாப்பிட்டதும் தூங்கிவிட்டேன். விழித்தபோது ஜன்னல் மூடியின் விளிம்பில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது, கொஞ்சம் தூக்கிப் பார்த்தால் கீழே வெறும் மேகமும் கடலும். அந்தப் பகல் சீக்கிரமே முடிந்து மறுபடி இருட்டிவிடுகிறது, அப்புறம் இன்னொரு தூக்கம் போட்டால் நியூயார்க்கில் காலை. இந்த இரண்டு தூக்கம்தான் பயணத்தையே காப்பாற்றுகிறது. படம் பார்த்தே ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள், கண் எரியும். காலில் இறுக்கமான காலுறை, அடிக்கடி தண்ணீர், நினைத்தபோதெல்லாம் எழுந்து ஒரு நடை, இவை மூன்றும் கட்டாயம்.

இருக்கை விஷயத்தில் ஒன்று. பிரீமியம் எகானமியில் வால்பக்கத்துக் கடைசி சில வரிசைகளில் ஜன்னலோரம் ஒற்றை இருக்கைகள் உண்டு, பக்கத்தில் சாமான் வைக்கப் பெட்டியும் இருக்கும். தனியாகப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் அந்த வகுப்பில் இல்லை, டிக்கெட் போடும்போதே பிடித்துவிடுங்கள்.

திரும்பி வருவதுதான் உடம்பை அடித்துப் போடுகிறது. திங்கள் இரவு நியூயார்க்கில் ஏறினால் சிங்கப்பூரில் இறங்கும்போது புதன் விடியற்காலை. செவ்வாய் முழுக்க வானத்திலேயே போய்விடும், இரண்டு ஊருக்கும் 12 மணி நேர வித்தியாசம் வேறு, குளிர்காலத்தில் 13. அதனால் புதன்கிழமைக்கும் சேர்த்தே லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.