கடைசிப் பக்கத்தில் இருந்த பெயர்: சென்னை பாஸ்போர்ட் சேவா கேந்திரா அனுபவம்

விவாகரத்து ஆன பெண் பாஸ்போர்ட் ஆபீஸுக்குத் தனியாகப் போனால் அலைக்கழிப்பார்களா என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். தாராளமாகப் போங்கள். தீர்ப்பு வந்த பிறகு நான் ஏறி இறங்கிய இடங்களில், "கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாமேம்மா" என்று யாரும் சொல்லாத இடம் இது ஒன்றுதான்.

எனக்கு இரண்டு வேலை. என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் கணவர் பெயர் இருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும். நாலாவது படிக்கும் மகளுக்கு முதல் பாஸ்போர்ட். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி லீவுக்கு வாங்க வாங்க என்று உயிரை எடுக்கிறான்.

பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரில், "அப்பா கையெழுத்து இல்லாம பாப்பாவுக்குக் கிடைக்காது மேடம், நம்மாளு ஒருத்தர் முடிச்சுக் குடுப்பார்" என்று 6,000 ரூபாய் கேட்டார்கள். சுத்தப் பொய். பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரிலேயே விதியைத் தளர்த்திவிட்டார்கள். இன்னொருவர் சம்மதம் இல்லாவிட்டால் 'அனெக்சர் சி' என்ற உறுதிமொழி கொடுக்கலாம். அதோடு, குழந்தை என் பொறுப்பில் என்கிற கோர்ட் உத்தரவையும் வைத்தேன். அரசு இணையதளத்தில் நானே நிரப்பினேன். 36 பக்கப் புத்தகத்துக்கு எனக்கு 1,500, அவளுக்கு 1,000. அவ்வளவுதான் செலவு.

படிவத்தில் திருமண நிலை என்ற இடத்தில் நாலைந்து வார்த்தைகள் வரிசையாக வரும். நம்முடையதைத் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். என் பெரியம்மா இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் "மாப்பிள்ளை வெளியூர்ல இருக்கார்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உள்ளே ஏ, பி, சி என்று மூன்று கவுன்டர். ஏ-யில் போட்டோ, கைரேகை. சிரிக்கக்கூடாது என்று சொன்னதில் மகளுக்குக் கோபம். பி-யில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த அம்மா தீர்ப்பு நகலை எடுத்து, வழக்கு எண், தேதி, குழந்தை பற்றிய பத்தி, மூன்றிலும் விரலை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். "இந்தப் பக்கம் ஜெராக்ஸ் சரியா விழலை, இன்னொண்ணு எடுத்துட்டு வந்துடுங்க" என்றார். அவ்வளவுதான்! சி-யில் இருந்த அதிகாரி மகளிடம், "யார்கூட ஊருக்குப் போறே?" என்றார். "அம்மாகூட. மாமா வீட்டுக்கு." அவர் என்னிடம் திரும்பி, "பாப்பாவுக்கு அஞ்சு வருஷம்தான் செல்லும் மேடம், அப்புறம் மறுபடி எடுக்கணும்" என்றார்.

போலீஸ் விசாரணை வேறு கதை. வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே "சார் இல்லையா?" என்றார். "விண்ணப்பம் போட்டது நான்தாங்க" என்றேன். ஹாலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்தில் சாட்சி கேட்டார். கீழ் வீட்டு மாமி கையெழுத்துப் போட்டதோடு நில்லாமல், "இந்தப் பொண்ணு வந்தப்புறம்தான் இந்த மாடிப்படியே சுத்தமா இருக்கு" என்று ஒரு சான்றிதழும் சேர்த்துக் கொடுத்தார்.

போகிறவர்கள் தீர்ப்பின் சான்றிட்ட நகலையே கொண்டுபோங்கள், வக்கீல் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப் உதவாது. ஜெராக்ஸை வீட்டிலேயே ஒருமுறை பக்கம் பக்கமாகப் பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்ட்டில் வரும், அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.