சென்னையில் கல்லூரி விடுதியும் வகுப்பும்: நான்கு ஆண்டு இருந்து பார்த்தால்

சேர்க்கைக்கு வரும் பெற்றோர் விடுதியில் முதலில் பார்ப்பது அறையை. கட்டில் எப்படி, அலமாரிக்குப் பூட்டு இருக்கிறதா, மின்விசிறி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நான்கு ஆண்டு தங்கியவர்களைக் கேட்டால் அறையைப் பற்றிக் கடைசியில்தான் பேசுவார்கள். தண்ணீர், மெஸ் கணக்கு, வருகைப்பதிவு ஆகியவை ஒழுங்காக இருந்தால் மூன்று பேர் அறையில் நான்காவதாக ஒருவரைப் போட்டாலும் சமாளிக்கலாம். அவை சொதப்பினால் தனி அறை கிடைத்தும் பயனில்லை. இங்கே சொல்வது பெரும்பாலும் பொறியியல் கல்லூரிகளை வைத்து. கலை அறிவியல் கல்லூரிகளுக்கு மாறும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

சென்னை விடுதிகளில் குளிக்க வருவது பெரும்பாலும் போர் தண்ணீர், அல்லது போர் தண்ணீரோடு லாரித் தண்ணீர் கலந்தது. கடலோரப் பகுதிகளிலும் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கமும் உப்பு கூடுதல். சோப்பு நுரைக்காது. தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாக மாறித் துணியிலேயே ஒட்டிக்கொள்வதுதான் காரணம். வெள்ளைச் சட்டை ஒரு செமஸ்டருக்குள் பழுப்பேறுவதும் இதனால்தான். பார் சோப்பை வீட்டில் வைத்துவிட்டு டிடர்ஜென்ட் பவுடர் கொண்டுவாருங்கள், அதற்கு இந்தத் தொல்லை குறைவு. வாளியின் உள்பக்கம் படியும் வெள்ளைக் கறையைச் சோப்பு போட்டுத் தேய்த்து எடுக்க முடியாது. எலுமிச்சை மூடியையோ கொஞ்சம் வினிகரையோ தடவிப் பத்து நிமிடம் விட்டால் தானாகக் கழன்று வரும்.

குடிநீருக்கு மாடிக்கு ஒரு ஆர்.ஓ. சுத்திகரிப்பு இயந்திரம் வைத்திருப்பார்கள். அது வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை (தண்ணீரில் கரைந்த திடப்பொருளை அளப்பது) ஆர்.ஓ. தண்ணீரிலும் குளியலறைத் தண்ணீரிலும் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஏறத்தாழ ஒரே எண் வந்தால் மெம்பிரேன் (உப்பை வடிகட்டும் சவ்வு) போய்விட்டது என்று பொருள். வார்டனிடம் எழுதிக் கொடுங்கள். இந்தியத் தர அளவான ஐ.எஸ். 10500 குடிநீரில் கரைந்திருக்கும் திடப்பொருளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று வரம்பு வைக்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. ஒன்றை மறக்க வேண்டாம்: மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. இயந்திரத்தின் மேல் கடைசி சர்வீஸ் தேதி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

தண்ணீரின் அளவு இன்னொரு விஷயம். ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களில் வைக்கும் கணக்கு. 300 பேர் விடுதிக்கு அது 40,500 லிட்டர். 12,000 லிட்டர் லாரியாக இருந்தால் மூன்று நடை போதாது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது நகரமே லாரிக்காகக் காத்திருந்தது. அதனால் சேரும்போதே கேட்க வேண்டியது: சம்ப் எவ்வளவு பெரியது, மோட்டார் எத்தனை மணிக்குப் போடுகிறார்கள். காலை ஆறரையிலிருந்து எட்டு மணி வரைதான் நெரிசல். இரவே ஒரு வாளி பிடித்து வைப்பது எல்லா விடுதியிலும் உள்ள பழக்கம், ஆனால் மூடி வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இப்படித் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில்தான்.

மாடியைத் தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கிடைத்தால் நடு மாடியைக் கேளுங்கள். மேல் மாடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் உயர வேறுபாடு குறைவு, அதனால் ஷவரில் அழுத்தம் இருக்காது. மொட்டை மாடியின் சூடு இரவு பதினொன்று வரை இறங்கிக்கொண்டே இருக்கும். தரைத்தளத்தில் கொசு, ஈரம், மழைக்காலத்தில் வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கம் தரைத்தளத்தில் இருந்தவர்கள் புத்தகத்தோடு மேலே ஏறினார்கள். ஜன்னல் கிழக்கிலோ தென்கிழக்கிலோ இருந்தால் கோடையில் பகல் பொழுதிலேயே கடல்காற்று வந்துவிடும். மேற்குச் சுவர் அறையில் மாலை முழுக்க வேகவேண்டியதுதான்.

கட்டில் பெரும்பாலும் ஆறடிக்கு மூன்றடிக்குள் இருக்கும்; அளந்துவிட்டு மெத்தை வாங்குங்கள். இலவம்பஞ்சு மெத்தை உடம்புக்கு இதம், ஆனால் ஐப்பசி மழையில் ஈரம் கோத்துக் கட்டி கட்டியாகிவிடும். வெயிலில் போட இடமிருந்தால் மட்டும் அது சரி. இல்லையென்றால் தென்னைநார் மெத்தை, மேலே கோரைப்பாய். சீனியர் விட்டுப்போன மெத்தை இலவசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூட்டைப்பூச்சி பெரும்பாலும் அப்படித்தான் உள்ளே வருகிறது. மரக்கட்டிலின் இணைப்பு இடுக்குகளிலும் சுவர் விரிசல்களிலும் தங்கும், மின்கம்பிக் குழாய் வழியே பக்கத்து அறைக்கும் போகும். ஒரு அறைக்கு மட்டும் மருந்தடித்தால் இரண்டு வாரத்தில் திரும்பிவிடும். வரிசையில் உள்ள எல்லா அறைக்கும் ஒரே நாளில் அடித்து, முட்டை பொரிந்து வரும் இடைவெளி விட்டு மறுபடியும் அடித்தால்தான் தீரும். விடுதி அலுவலகத்தில் ஒருவராகப் போய்ச் சொன்னால் இது நடக்காது, வரிசையே சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

இனி மெஸ். இதில்தான் புது மாணவர்களுக்குக் கணக்கே புரிவதில்லை. தனியார் கல்லூரிகளில் ஆண்டுக்கு மொத்தமாக வாங்கிவிடுவார்கள். ஊருக்குப் போனாலும் போகாவிட்டாலும் ஒரே தொகை. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் இருப்பது டிவைடிங் முறை. மாதத்தின் மளிகை, காய்கறி, பால், கேஸ், சமையல்காரர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, எல்லா மாணவர்களும் சாப்பிட்ட நாள்களின் மொத்தத்தால் வகுப்பார்கள். வரும் தொகைதான் அந்த மாத ஒரு நாள் ரேட்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சம்பளமும் மற்ற நிலையான செலவும் மாதம் 4,20,000 ரூபாய், பொருள் செலவு ஒருவருக்கு நாளுக்கு 80 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மெஸ் கட் (ஊருக்குப் போனவர்களுக்குக் கழிக்கும் நாள்கள்) போக 10,500 சாப்பாட்டு நாள் இருந்தால் மொத்தம் 12,60,000, ரேட் 120. தீபாவளி மாதத்தில் பாதிப்பேர் ஊருக்குப் போய் 7,000 நாளாகக் குறைந்தால் மொத்தம் 9,80,000, ரேட் 140. விடுதியிலேயே முப்பது நாளும் இருந்தவருக்கு 3,600 வரவேண்டிய இடத்தில் 4,200 வரும். “தீபாவளி மாதம் சாப்பாடு ஒன்றும் விசேஷமில்லை, பில் மட்டும் எப்படிக் கூடியது” என்று ஆண்டுதோறும் கேட்கும் சண்டைக்கு விடை இதுதான். யாரும் கை வைக்கவில்லை, வகுக்கும் எண் சிறுத்துவிட்டது. ஆனால் கணக்கு நோட்டைக் கேட்டால் காட்ட மறுக்கும் விடுதியில் இதே பதிலை நம்ப வேண்டிய கட்டாயமில்லை.

மெஸ் கட் கிடைப்பதற்கும் விதி உண்டு. இத்தனை நாள் தொடர்ந்து இல்லாவிட்டால்தான் தருவோம், முதல் நாளே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பார்கள். சனி ஞாயிறு மட்டும் வீட்டுக்குப் போகிறவருக்கு அநேகமாக எதுவும் கழியாது. செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்து மாணவர்கள் இதனால் அதிகம் இழக்கிறார்கள். அவர்களுக்குப் புறநகர் ரயில் சீசன் டிக்கெட்டில் டே ஸ்காலராக இருப்பதே மலிவு. உணவின் தரம் மாணவர் மெஸ் கமிட்டி உழைப்பதைப் பொறுத்தது. கோயம்பேட்டில் விடியலில் போய் வாங்கினால் ஒரு விலை, ஒப்பந்தக்காரர் கொண்டுவந்து இறக்கினால் ஒரு விலை. கமிட்டியில் இறுதியாண்டு மாணவர்களை மட்டும் போடும் விடுதிகளில் கேம்பஸ் இன்டர்வியூ தொடங்கியதும் சாம்பார் தண்ணீராகிவிடும், கவனித்துப் பாருங்கள்.

கற்பித்தலுக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பாடம் நடத்துபவர் கேள்வித்தாள் எடுப்பவரல்ல. நல்ல ஆசிரியர்கூட பழைய கேள்வித்தாளைப் பார்த்தபடி பாடம் நடத்த வேண்டிய நிலை இங்கிருந்துதான் வருகிறது. கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. போன்ற பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் கேள்வித்தாள் உள்ளேயே தயாராகிறது. அங்கே வகுப்பில் சொன்ன ஒரு வரி தேர்வில் வரக்கூடும் என்பதால் வகுப்புக்கு மதிப்பு கூடுதல். கவுன்சலிங்கில் கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைவிட இந்த வேறுபாட்டைப் பார்ப்பது நல்லது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன்படி (2021 முதல் 2024 வரை சேர்ந்தவர்களுக்கான தேர்வு விதி) எழுத்துத் தேர்வுப் பாடத்துக்கு உள்மதிப்பீடு 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. செய்முறைக்கு அது 60, 40 என்று மாறும். மூன்று மணி நேரத் தாள் 100 மதிப்பெண்ணுக்கு: 2 மதிப்பெண் கேள்வி பத்து, 13 மதிப்பெண் கேள்வி ஐந்து, 15 மதிப்பெண் கேள்வி ஒன்று. பதின்மூன்றில் ‘இது அல்லது அது’ என்று வாய்ப்புத் தருவார்கள், ஆனால் இரண்டும் ஒரே யூனிட்டிலிருந்துதான் வரும். ஐந்து யூனிட்டில் ஒன்றை விட்டால் 13உம் இரண்டு 2 மதிப்பெண்ணும் சேர்ந்து 17 போய்விடும். கடைசி 15 மதிப்பெண் கேள்வியும் அந்த யூனிட்டில் விழுந்தால் 32. பாஸாவதற்கு மொத்தத்தில் 50 வேண்டும், பல்கலைக்கழகத் தேர்விலும் 45 சதவீதம் வேண்டும். உள்மதிப்பீட்டில் 38 வைத்துக்கொண்டு அரியர் வாங்குகிறவர்கள் இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் விழுகிறார்கள். மறுமதிப்பீடு கேட்பதானால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து, அதைப் பாட ஆசிரியரிடம் காட்டி, மதிப்பெண் கூடும் என்று அவர் சொன்னால் மட்டும் பணம் கட்டுங்கள். இடையில் கிடைப்பது சில நாள்தான். அப்போது அநேகமாக விடுமுறை, ஆசிரியரைப் பிடிப்பதே வேலையாகிவிடும்.

லேப்புக்கு ஒரே அறிவுரை: அப்சர்வேஷன் நோட்டில் (சோதனை செய்யும்போதே குறித்துக்கொள்வது) அன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள். செமஸ்டர் முடிவில் பத்துக் கையெழுத்துக்கு வரிசையில் நிற்பவர்கள்தான் ரெக்கார்டை இரவெல்லாம் உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

வருகைப்பதிவு 75 சதவீதம். 65க்கு மேல் இருந்தால் மருத்துவக் காரணம் காட்டியோ ஓ.டி. (கல்லூரி வேலையாக வெளியே போன நாள்) கணக்கிலோ தப்பிக்க வழியுண்டு, அதற்குக் கீழே தேர்வெழுத விடமாட்டார்கள். 45 பீரியட் உள்ள பாடத்தில் 25 சதவீதம் என்பது 11 பீரியட். விடுதி மாணவர்கள் பண்டிகைக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் சேர்த்துக்கொள்வது, காய்ச்சலில் ஒரு வாரம் போவது என்றால் அந்தப் பதினொன்று நவம்பருக்கு முன்பே தீர்ந்துவிடும். போதாததற்கு வடகிழக்குப் பருவமழை. மழை விடுமுறையை ஈடுகட்டச் சனிக்கிழமை வகுப்பு வைப்பார்கள், அந்தச் சனிக்கிழமை வராவிட்டால் அதுவும் ஆப்சென்ட். மருத்துவச் சான்றிதழைத் திரும்பி வந்த முதல் நாளே கிளாஸ் அட்வைசரிடம் கொடுத்துவிட வேண்டும், பிறகு கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். கலைக் கல்லூரிகளில் ஷிப்ட் முறை இருப்பதால் இன்னொரு சிக்கல்: மதிய ஷிப்ட் மாணவருக்கு மெஸ்ஸில் சாப்பாடு தயாராகும் நேரமும் வகுப்பு தொடங்கும் நேரமும் இடிக்கும். முன்கூட்டியே சாப்பாடு எடுத்துத் தருவார்களா என்று சேரும் முன் கேளுங்கள்.

பெண்கள் விடுதியின் கேட் நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரே கல்லூரியில் ஆண்கள் விடுதி இரவு வெகுநேரம் திறந்திருக்க, பெண்கள் விடுதியைச் சீக்கிரம் பூட்டும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. பாதுகாப்பு என்று காரணம் சொல்கிறார்கள். நடைமுறையில் நூலகத்திலும் புராஜெக்ட் லேப்பிலும் இரண்டு மூன்று மணி நேரம் அவர்களுக்குக் குறைகிறது. இறுதியாண்டு புராஜெக்ட் குழுவில் சேரும்போது இதைக் கணக்கில் வைத்து வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதி உண்டு. ஏசி, அமைதி, பறக்கும் ரயில் நிலையமும் எட்டும் தொலைவில். தேர்வு மாதத்தில் காலையிலேயே போனால்தான் இடம்.

விடுதி கிடைக்காமல் வெளியே பி.ஜி. (பணம் கட்டித் தங்கும் தனியார் விடுதி) பார்ப்பவர்களுக்கு: பெண்கள் விடுதி என்றால் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள், இல்லங்கள் சட்டப்படி உரிமம் வாங்கியதா என்று கேளுங்கள். கரண்டு பில்லுக்குத் தனி மீட்டரா, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பதா என்பதை வாயால் பேசாமல் எழுத்தில் வாங்குங்கள். மாத வாடகை 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாள் தங்குவதாக இருந்தால் 2024 ஜூலையிலிருந்து ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. பில்லில் அதைச் சேர்த்திருந்தால் கேள்வி கேட்கலாம்.

பணம் என்றால் இன்னும் ஒன்று. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியலுக்கு வந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் 1,000 ரூபாய் மாணவரின் சொந்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும், கணக்கோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும். பணம் வராமல் நிற்பதற்குப் பல முறை காரணம் இந்த இணைப்பு விட்டுப்போனதுதான். கல்லூரியில் சண்டை போடும் முன் வங்கியில் கேட்டுவிடுங்கள்.

காலி செய்யும்போது காஷன் டெபாசிட் (சேரும்போது கட்டிய முன்பணம்) பிடிபடுவது பெரும்பாலும் அறைப் பொருள்களில். சேரும் நாளிலேயே மின்விசிறி ரெகுலேட்டர், ஜன்னல் கண்ணாடி, அலமாரித் தாழ்ப்பாள் ஆகியவற்றின் நிலையைப் படம் எடுத்து, அறைப் பட்டியலில் உடைந்தவற்றை எழுதி வார்டன் கையெழுத்து வாங்கி வையுங்கள். நோ டியூஸ் (பாக்கி இல்லை என்ற) படிவத்தில் நூலகம், துறை லேப், மெஸ், விடுதி அலுவலகம் என்ற வரிசையில் போனால் ஒரே நாளில் முடியும். விடுதியில் தொடங்கினால் மற்றக் கையெழுத்துகளைக் கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். டிவைடிங் முறையில் கடைசி மாத மெஸ் பில் அடுத்த மாதம்தான் தயாராகும், டெபாசிட்டும் அதன் பிறகுதான் வரும். அசல் ரசீதையும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகலையும் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டு ஊருக்கு வண்டி ஏறுங்கள்.