போலீஸ் மீது வழக்கா, போதைச் சட்டத்தில் திருத்தமா: அமெரிக்க மாநிலங்களின் இரண்டு வழிகள்

2006 நவம்பர் 21. அட்லாண்டாவில் 92 வயது கேத்ரின் ஜான்ஸ்டனின் வீட்டுக் கதவைப் போலீஸார் உடைத்தார்கள். தட்டாமலே நுழையலாம் என்று நீதிபதி கொடுத்த வாரண்ட் அவர்களிடம் இருந்தது. அந்த வீட்டில் கிராக் கோகைன் வாங்கப்பட்டதாகச் சொல்லித்தான் வாரண்ட் பெற்றிருந்தார்கள். அது பொய். யாரோ கொள்ளையர்கள் என்று நினைத்திருக்க வேண்டும், மூதாட்டி தன் பழைய துப்பாக்கியால் ஒரு முறை சுட்டார். பதிலுக்கு 39 குண்டுகள் வந்தன. வீட்டில் போதைப்பொருள் எதுவும் அகப்படாததால் போலீஸாரே கஞ்சாப் பொட்டலங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

2020 மார்ச் 13, நள்ளிரவு தாண்டிய நேரம். லூயிவில் நகரில் 26 வயது பிரியானா டெய்லர். அவருடைய முன்னாள் காதலர் மீதான போதைப்பொருள் விசாரணைக்காக இவர் வீட்டுக் கதவை உடைத்தார்கள். 32 குண்டுகள். அங்கேயும் போதைப்பொருள் இல்லை.

இந்த மரணங்களுக்குப் பிறகு அமெரிக்காவில் நடக்கும் வாதம் பெரும்பாலும் இரண்டு பக்கமாகப் பிரிகிறது. தவறு செய்யும் போலீஸ்காரரைச் சிவில் வழக்கில் நிறுத்த முடியாதபடி காக்கும் சட்டக் கவசத்தை உடைக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. கவசத்தை விடுங்கள், போலீஸைக் கதவுக்கு அனுப்புவதே போதைச் சட்டம்தான், அதை மாற்றுங்கள் என்பது மற்றொன்று. இரண்டையுமே செய்து பார்த்த மாநிலங்கள் இப்போது இருக்கின்றன என்பதால், கொள்கையளவில் பேசாமல் விளைவை வைத்தே எடை போடலாம்.

முதலில் கவசம். அரசு அதிகாரி ஒருவர் அரசியலமைப்பு உரிமையை மீறினால் அவர் மீது வழக்குப் போடலாம் என்று 1871-லேயே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் செய்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவரை வேட்டையாடிய கும்பல்களையும் அதைக் கண்டுகொள்ளாத அதிகாரிகளையும் மனத்தில் வைத்து எழுதிய சட்டம் அது. ‘குவாலிஃபைடு இம்யூனிட்டி’ என்ற விலக்கு, அதாவது இந்தக் கவசம், அந்தச் சட்டத்தில் ஒரு வரியாகக்கூட இல்லை. 1967-இல் உச்ச நீதிமன்றம்தான் அதை உள்ளே கொண்டுவந்தது. 1982-இல் அதற்கு இன்றைய உருவம் கிடைத்தது: மீறப்பட்ட உரிமை ‘தெளிவாக நிலைநாட்டப்பட்டதாக’ இருந்தால்தான் அதிகாரி பொறுப்பாவார். நடைமுறையில் இதற்கு என்ன பொருள் என்றால், ஏறத்தாழ இதே மாதிரி சம்பவத்தில் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு வந்திருக்க வேண்டும்.

அப்படி ஒரு முன்தீர்ப்பு எங்கிருந்து வரும்? 2009-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாசலையும் குறுக்கியது. உரிமை மீறப்பட்டதா இல்லையா என்ற கேள்விக்குப் பதிலே சொல்லாமல், ‘முன்தீர்ப்பு இல்லை’ என்று மட்டும் சொல்லி வழக்கை முடிக்கலாம் என்றது. முன்தீர்ப்பு இல்லாததால் தள்ளுபடி. தள்ளுபடியானதால் அடுத்தவருக்கும் முன்தீர்ப்பு இல்லை. அந்த 2009 வழக்கும் ஒரு போதைப்பொருள் வழக்குதான். யூட்டா மாநிலத்தில் இன்ஃபார்மர் ஒருவர் ஒரு வீட்டில் மெத் என்ற போதைப்பொருளை வாங்கிவிட்டுச் சைகை காட்ட, போலீஸார் வாரண்ட் இல்லாமல் உள்ளே போனார்கள். கவசத்தையும் போதைச் சட்டத்தையும் தனித்தனி விஷயங்களாகப் பேசுகிறவர்களுக்கு இந்த ஒரு வழக்கைக் காட்டினால் போதும்.

இந்தக் கவசம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகர வழக்கு ஓர் உதாரணம். சோதனைக்கு வந்த போலீஸார் மொத்தம் 2,25,000 டாலருக்கும் மேல் மதிப்புள்ள ரொக்கத்தையும் அரிய நாணயங்களையும் திருடிவிட்டதாக இருவர் வழக்குப் போட்டார்கள். வாரண்ட்டின் பேரில் கைப்பற்றிய பொருளைத் திருடுவது நியாயமற்ற சோதனையையும் பறிமுதலையும் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்தை மீறும் என்பது தெளிவாக நிலைநாட்டப்படவில்லை என்று 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விலக்களித்தது. திருடுவது ஒழுக்கக்கேடு என்று அதே தீர்ப்பு ஒப்புக்கொள்ளவும் செய்தது. எனக்கு இதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஆனால் கவசத்தை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? சட்டப் பேராசிரியர் ஜொவானா ஷ்வார்ட்ஸின் ஆய்வுகளை இந்த இடத்தில் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கவசம் வேண்டாம் என்பவர் அவர். ஆனாலும் அவர் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த விலக்கைக் கோரக்கூடிய வழக்குகளில் 3.9 சதவீதம் மட்டுமே அதன் பேரில் தள்ளுபடியாகின. அதற்கு முந்தைய ஆய்வில், பெரிய நகரங்களில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போன இழப்பீட்டில் போலீஸ்காரர்கள் சொந்தப் பையிலிருந்து கொடுத்தது 0.02 சதவீதம். மீதி முழுவதும் நகராட்சி, அதாவது வரி கட்டுகிற மக்கள். ஆகவே, கவசம் போனால் போலீஸ்காரர் வீட்டை விற்று நஷ்டஈடு கட்டுவார் என்று பயமுறுத்துகிற போலீஸ் சங்கங்களும், கவசம் போனால் போலீஸ்காரர் பயந்து திருந்துவார் என்று நம்புகிற சீர்திருத்தக்காரர்களும், இருவருமே இந்த எண்ணைத் தாண்டித்தான் வாதிட வேண்டும்.

கவசத்தை மீறிப் போனவை கொலராடோவும் நியூ மெக்சிகோவும். கொலராடோ 2020 ஜூனில் தன் மாநிலச் சட்டத்தின் கீழ் புதிய வழக்குரிமை ஒன்றை உண்டாக்கியது. அதில் இந்த விலக்கு செல்லாது. அதிகாரி நல்லெண்ணத்தோடு நடக்கவில்லை என்று தெரிந்தால், தீர்ப்புத் தொகையில் 5 சதவீதம் அல்லது 25,000 டாலர், இதில் எது குறைவோ அதை அவரே கட்ட வேண்டும். நியூ மெக்சிகோ 2021-இல் வேறு வழியில் போனது. அங்கே தனி அதிகாரி மீது வழக்கே இல்லை, அவர் வேலை செய்யும் அரசு அமைப்பின் மீதுதான். உச்சவரம்பு 20 லட்சம் டாலர். இரண்டில் எனக்கு நியூ மெக்சிகோ வழியே மேல் என்று படுகிறது. பயிற்சி கொடுப்பதும், சோதனைக்கு அனுப்புவதும், புகார் வந்தவரை வேலையில் வைத்திருப்பதும் அமைப்புதான். கொலராடோவின் 25,000 டாலர் சாட்டை பார்க்க நன்றாக இருக்கிறது. அடி விழ வேண்டிய இடம் அதற்கு மேலே இருக்கிறது.

இப்போது தொடக்கத்தில் சொன்ன இரண்டு வீடுகளையும் இந்தச் சட்டங்களின் முன் வைத்துப் பாருங்கள். அட்லாண்டாவில் மூன்று போலீஸார் சிறைக்குப் போனார்கள். நகரம் 49 லட்சம் டாலர் கொடுத்தது. லூயிவில் ஒரு கோடியே 20 லட்சம் கொடுத்தது. கவசம் இருக்கும்போதே இவ்வளவும் நடந்தது. நாடே பார்த்த மரணத்துக்கு எப்படியும் பணம் வரும். கவசத்தை நீக்கினால் பலனடைபவர்கள் வேறு: கை முறுக்கப்பட்டவர், வீடு கலைக்கப்பட்டவர், தன் கேஸை எடுத்தால் ஜெயிக்காது என்று வக்கீலே திருப்பி அனுப்பியவர். அவர்களுக்காக நான் கவசத்தை நீக்கவே சொல்வேன். அதே சமயம், எந்த இழப்பீடும் கதவு உடைந்த பிறகு வருவதுதான்.

உடையும் முன்பே தடுப்போம் என்கிறது அடுத்த தரப்பு. கொலராடோ 2012 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் கஞ்சாவைப் பெரியவர்களுக்குச் சட்டபூர்வமாக்கியது. 2014 ஜனவரி 1 அன்று கடைகள் திறந்தன. இதற்கான வாதங்களில் போலீஸ் கைதுகளை வைத்துச் சொல்வதுதான் மிக வலுவானது. கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள். ஆனால் 2018 வரையிலான கணக்கில், கஞ்சா வைத்திருந்ததற்காகக் கறுப்பர் கைதாகும் வாய்ப்பு 3.6 மடங்கு அதிகம் என்று அமெரிக்க சிவில் உரிமைச் சங்கம் காட்டியது.

சட்டம் மாறியதும் சாலையில் என்ன ஆனது? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு கோடிக்கணக்கான வாகன நிறுத்தங்களின் பதிவுகளைத் திரட்டி ஆராய்ந்தது. கொலராடோவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் கஞ்சா சட்டபூர்வமான பிறகு, நிறுத்திய வண்டியைச் சோதனை போடுவது வெகுவாகக் குறைந்தது. எந்த இழப்பீட்டுச் சட்டமும் இதைச் சாதித்ததாக நான் பார்த்ததில்லை. ஆனால் கறுப்பு, லத்தீனோ ஓட்டுநர்கள் வெள்ளையரைவிட அதிகமாகச் சோதிக்கப்படுவது தொடர்ந்தது. சோதனை குறைந்தது, பாகுபாடு அப்படியே இருந்தது.

ஏன் அப்படி? வண்டியை நிறுத்துகிற அதிகாரம் கஞ்சாச் சட்டத்தில் இல்லை. அது 1996-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. தலைநகர் வாஷிங்டனில் போதைப்பொருள் நடமாட்டம் அதிகம் என்று சொல்லப்பட்ட பகுதி ஒன்றில், ஒரு வண்டி ஸ்டாப் பலகை முன் 20 விநாடிக்கு மேல் நின்றது, பிறகு இண்டிகேட்டர் போடாமல் திரும்பியது. மஃப்டியில் இருந்த போலீஸார் பின்தொடர்ந்து போய்ப் பிடித்தார்கள், உள்ளே கிராக் இருந்தது. சின்னப் போக்குவரத்து விதிமீறல் ஒன்று உண்மையில் நடந்திருந்தால் போதும், நிறுத்தியவரின் உள்நோக்கம் என்ன என்று கேட்க மாட்டோம் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். கஞ்சா சட்டபூர்வமான மாநிலத்திலும் இண்டிகேட்டர் போடாதவரை நிறுத்தலாம்.

நிறுத்திய பிறகு வருவது வாசனை. ‘கஞ்சா வாடை அடித்தது’ என்ற ஒரு வரி பல பத்தாண்டுகளாக வண்டியின் கதவைத் திறந்துகொடுத்தது. மூக்குக்கு வந்ததை எந்தக் கேமராவும் பதிவு செய்யாது. கஞ்சா குற்றமே இல்லை என்றால் வாடை எதைக் காட்டும்? இல்லினாய் இதில் ஒரு விசித்திரமான நிலைக்குப் போனது. 2024 செப்டம்பரில் அந்த மாநில உச்ச நீதிமன்றம், புகைத்த கஞ்சாவின் வாடை மட்டும் வைத்து வண்டியைச் சோதனை போட முடியாது என்றது. டிசம்பரில் அதே நீதிமன்றம், புகைக்காத பச்சைக் கஞ்சாவின் வாடை மட்டும் இருந்தாலே போடலாம் என்றது. வண்டியில் கொண்டுபோகும் கஞ்சா வாடை வெளியே வராத டப்பாவில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதாம், வாடை வந்தால் அது விதிமீறலாம். சாலையோரத்தில் இரவில் நிற்கிற ஒருவருக்கு, அந்த அதிகாரி எந்த வாடையை முகர்ந்தார் என்று மறுக்க என்ன வழி இருக்கிறது?

சட்டபூர்வமாக்கியதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. கஞ்சா கலந்த மிட்டாயைத் தெரியாமல் தின்று மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் கொலராடோவில் அதிகரித்தார்கள். கடையில் விற்கும் சரக்கின் வீரியம் பழைய கஞ்சாவோடு ஒப்பிடவே முடியாதபடி ஏறியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் கள்ளச்சந்தை இன்னும் பெரிதாகவே ஓடுகிறது. வரி வருகிறது என்பதற்காக இவற்றைச் சிறு செலவாக எழுதிவிட எனக்கு மனமில்லை.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அட்லாண்டா வாரண்ட்டில் இருந்தது கிராக் கோகைன். லூயிவில் விசாரணையும் கஞ்சாப் பொட்டலத்துக்கானது அல்ல, போதைப்பொருள் விற்பனை பற்றியது. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியிருந்தாலும் அந்த இரண்டு பெண்களும் பிழைத்திருக்க மாட்டார்கள். சரி, எல்லாப் போதைப்பொருளையும் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தால்? ஓரிகன் 2021 பிப்ரவரியில் அதற்குக் கிட்டத்தில் போனது. சிறிதளவு ஹெராயின் வைத்திருந்தாலும் 100 டாலர் அபராதம், ஆலோசனை எண்ணுக்கு ஒரு போன் செய்தால் அதுவும் ரத்து. மிகச் சிலரே போன் செய்தார்கள். சிகிச்சை மையங்களுக்கான பணம் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. அதே நேரத்தில் ஃபென்டனில் என்ற கடும் வீரியமுள்ள செயற்கைப் போதைப்பொருள் மேற்குக் கரையில் பரவியது. 2024 செப்டம்பரில் மறுபடியும் குற்றமாக்கினார்கள். ஃபென்டனில் பரவலைக் கணக்கில் எடுத்துப் பார்த்த ஆய்வு, சாவுகள் கூடியதற்கு அந்தச் சட்டம் காரணமாகத் தெரியவில்லை என்றது. அது தெளிவாகும் முன்பே அரசியல் முடிந்துவிட்டது. போர்ச்சுகல் 2001-இல் இதையே செய்தபோது, பிடிபட்டவரை நேரில் உட்காரவைத்துப் பேச மூவர் குழு ஒன்றை ஒவ்வொரு மாவட்டத்திலும் அமைத்திருந்தது. ஓரிகன் ஒரு போன் நம்பர் கொடுத்தது.

ஆனால் ஓரிகனிலும் போர்ச்சுகலிலும் விற்பது குற்றமாகவே இருந்தது. வீட்டுக் கதவை உடைப்பது விற்பனைச் சந்தேகத்தின் பேரில்தான். ஆகவே நுழைவு அதிகாரத்திலேயே கை வைத்த சட்டங்களைத்தான் நான் முதலில் வைப்பேன். லூயிவில் 2020 ஜூனில் தட்டாமல் நுழையும் வாரண்ட்டைத் தடை செய்தது. வர்ஜீனியாவும் தடை செய்தது. சில மாநிலங்களின் நீதிமன்றங்கள் வாடையை மட்டும் வைத்துச் சோதனை கூடாது என்றன. இவை போலீஸ்காரர் பையையும் தொடவில்லை, போதைச் சட்டத்தையும் தொடவில்லை. ஆனால் குண்டு பாயும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவை இவைதான்.

பொழுதுபோக்குக்காகக் கஞ்சா பயன்படுத்த 24 மாநிலங்கள் வழிவிட்டிருக்கின்றன. கவசத்தை நாடு முழுக்க நீக்கும் மசோதா 2021-இல் பிரதிநிதிகள் சபையைத் தாண்டி செனட்டில் நின்றுபோனது, பேச்சுவார்த்தை முறிந்ததில் அந்தக் கவசத்துக்கே பெரும் பங்கு உண்டு. ஒன்று கஜானாவுக்கு வரவு, மற்றது செலவு. இல்லினாய் தன் கஞ்சா வருவாயில் 25 சதவீதத்தை, போதைக் கைதுகளால் நொறுங்கிய பகுதிகளுக்கு ஒதுக்கியிருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கை, தவறான சோதனையில் அடிபட்டு வக்கீல் கிடைக்காமல் திரும்பியவர்களின் வழக்குச் செலவுக்கு ஒதுக்க எந்தச் சட்டமன்றத்தாலும் முடியும்.