30 லீற்றர் மேசை ஓவன்: திருகோணமலைச் சமையலறையில் 14 மாதப் பாவனை

கடந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரத்தில், நகரத்துக் கடையொன்றில் 30 லீற்றர் கொள்ளளவுள்ள மேசை ஓவன் ஒன்றை வாங்கினேன். 1500 வாற்று வலு, மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு சூட்டுக்கம்பிகள், வெப்பநிலைக்கும் கம்பித் தெரிவுக்கும் நேரத்துக்குமாக மூன்று குமிழ்கள், ஒரு தட்டம், ஒரு கம்பித்தட்டு, ஒரு வருட உத்தரவாதம் என்பவற்றுக்குச் சேர்த்து 30,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்தேன். உள்ளே விசிறி கிடையாது. வாரத்துக்கு இரண்டு தடவையாவது பாவித்த அனுபவத்தில் சொல்வதானால், இந்த விலைக்கு இது வாங்கத்தக்க ஓவன்தான். ஆனால் வெப்பநிலைக் குமிழைச் சுற்றி அச்சிடப்பட்டிருக்கும் எண்களை நம்பிச் சமைப்பவருக்கு இது மாவையும் முட்டையையும் வீணாக்கும் பெட்டியாகவே இருக்கும்.

எனது முதல் பட்டர் கேக் அப்படித்தான் வீணானது. 250 கிராம் மா, அதே அளவு சீனி, அதே அளவு பட்டர், 5 முட்டை என்ற வழக்கமான கணக்கில் கலவையைத் தயாரித்து, குமிழை 180இல் நிறுத்தி, சிவப்பு விளக்கு அணைந்ததும் உள்ளே வைத்தேன். 25 நிமிடத்தில் மேற்பரப்பு பனங்கட்டி நிறத்துக்குக் கறுத்து நடுவில் வெடித்துவிட்டது. ஈர்க்கை இறக்கிப் பார்த்தபோது அது நனைந்த மாவோடு வெளியே வந்தது. கடையில் முறையிட்டபோது, எல்லா ஓவனும் இப்படித்தான், பழகிவிட்டால் சரியாகிவிடும் என்று மட்டும் சொன்னார்கள். ஒரு வருட உத்தரவாதம் தரும் பொருளுக்கு அது போதுமான பதில் அல்ல என்பதே இன்றும் என் கருத்து.

பிறகு, கம்பித்தட்டில் தொங்கவிடக்கூடிய ஓவன் வெப்பமானி ஒன்றை வாங்கி அளந்து பார்த்தேன். குமிழ் 180 என்று காட்டும்போது தட்டின் நடுப்பகுதியில் 210 பாகை செல்சியஸ் இருந்தது. 170 பாகை வேண்டுமென்றால் குமிழை 145 அளவில் நிறுத்த வேண்டியிருந்தது. வெப்பமானி இல்லாதவர்கள் சீனியைக் கொண்டு சோதிக்கலாம். சீனி ஏறத்தாழ 186 பாகையில் உருகும். ஒரு தேக்கரண்டி சீனியை அலுமினியத் தாளில் இட்டு, நன்கு சூடேற்றிய ஓவனின் நடுவில், குமிழை 175இல் வைத்து 15 நிமிடம் விட வேண்டும். அது உருகினால் ஓவன் எண்ணைவிட அதிகமாகச் சுடுகிறது. 190இலும் உருகாமல் கிடந்தால் குறைவாகச் சுடுகிறது. என்னுடைய ஓவனில் 160 என்ற எண்ணிலேயே சீனி பாகாகிவிட்டது. வாங்கிய முதல் நாளே இந்தச் சோதனையைச் செய்து, கிடைத்த விடையை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி ஓவனின் பக்கத்தில் ஒட்டி வைப்பது நல்லது.

விளக்கு அணைவதையும் நான் தவறாகவே விளங்கிக்கொண்டிருந்தேன். இந்த ஓவனில் அது 8 நிமிடத்திலேயே அணைந்துவிடுகிறது. அந்நேரம் சூடாகியிருப்பது உள்ளிருக்கும் காற்று மட்டுமே. தகட்டுச் சுவர்களும் தட்டமும் இன்னும் சூடேறியிராது. கதவைத் திறந்ததும் அந்தக் காற்று வெளியேறிவிட, இழந்த சூட்டை மீட்பதற்காகக் கம்பிகள் நெடுநேரம் செந்நிறமாக எரிந்துகொண்டே இருக்கும். கேக்கின் மேற்பரப்பைக் கருக்குவது அந்த எரிப்புத்தான். இப்போது 20 நிமிடம் சூடேற்றிய பின்னரே தட்டை வைக்கிறேன். முதல் 30 நிமிடத்துக்குக் கதவைத் திறப்பதில்லை.

என் அம்மம்மா கேக் சுட்டது கனத்த தாச்சியில், கீழே மெல்லிய தணலும் மூடியின் மேல் சிரட்டைத் தணலுமாக வைத்து. கேக் பொங்கி முடியும்வரை மூடியின் மேல் மிகக் கொஞ்சத் தணலையே போடுவார். கடைசியில்தான் நிறத்துக்காகக் கூட்டுவார். இந்த ஓவனுக்கும் அதே ஒழுங்குதான் பொருந்துகிறது. மேற்கம்பிக்கும் தட்டுக்கும் இடைவெளி குறைவாக இருப்பதால், 20 சென்ரிமீற்றர் வட்டத் தட்டை அடித்தட்டிலேயே வைத்து, முதலில் கீழ்க்கம்பியை மட்டும் இயக்கி, கடைசி 10 நிமிடத்துக்கு மேற்கம்பியையும் சேர்த்துக்கொள்கிறேன். அப்படியும் விரைவில் நிறம் ஏறினால், மேற்பரப்பு இறுகிய பின்னர் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிடலாம். பின்பக்கத்து இடது மூலை மற்ற இடங்களைவிடச் சூடானது என்பதால் பாதி நேரத்துக்குப் பின் தட்டை ஒருமுறை திருப்பி வைக்க வேண்டியிருக்கிறது.

ஓவனைச் சரியாக்கிய பின்னரும் கேக் சில நாட்களில் இறுகி, அடியில் எண்ணெய் கசிந்து வந்தது. அதற்குக் காரணம் எங்கள் ஊரின் வெயில். செய்முறைகளில் பட்டர் 'அறை வெப்பநிலையில்' இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள்; அது 18 முதல் 20 பாகை வரையான அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் எனது சமையலறையில் காலை 10 மணிக்கே 31 பாகை இருக்கும். அந்தச் சூட்டில் அரை மணி நேரம் வைத்த பட்டர் உருகும் நிலைக்கு வந்துவிடும். உருகிய கொழுப்பு சீனியோடு அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைக்காது, காற்றில்லாத கலவை பொங்காது. எனவே பட்டரைச் சிறு துண்டுகளாக வெட்டி, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து 10 நிமிடம் மட்டுமே வெளியே வைக்கிறேன். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் எண்ணெய் மினுங்கக் கூடாது. அடிக்கும் பாத்திரத்தைக் குளிர்ந்த நீர் நிரப்பிய தட்டத்தில் இருத்திக்கொள்வதும் பெரிதும் உதவுகிறது. முட்டை சேர்க்கும்போது கலவை திரிந்தால் ஒரு மேசைக்கரண்டி மாவைச் சேர்த்து அடித்தால் மீண்டும் சேர்ந்துவிடும்.

மாவைப் பற்றி எங்கள் ஊரவர் குறைப்பட முடியாது. 1980 முதல் இயங்கிவரும் பிறிமா மா ஆலை சீனக்குடாவிலேயே இருக்கிறது. சாதாரண கோதுமை மாவில் கேக் செய்யும்போது, ஒவ்வொரு கோப்பையிலும் இரண்டு மேசைக்கரண்டி மாவை நீக்கிவிட்டு அதே அளவு கோன்பிளவர் சேர்த்து அரித்தால் கேக் மென்மையாக வரும். மா சேர்த்த பின் இயந்திரத்தால் அடிக்காமல் அகப்பையால் மெதுவாகக் கலக்க வேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் விரைவில் கெடுவது பேக்கிங் பவுடர்தான். அரைக் கோப்பைச் சுடுநீரில் ஒரு தேக்கரண்டி போட்டால் உடனே நுரைத்துப் பொங்க வேண்டும். பொங்காவிட்டால் எறிந்துவிடுங்கள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 230 வோல்ற்றில் 1500 வாற்று என்பது ஆறரை அம்பியர். பழைய வீடுகளிலுள்ள 5 அம்பியர் வட்டத்துளைச் செருகியில் மாற்றி ஒன்றைப் பொருத்தி இந்த ஓவனை இயக்குவது ஆபத்தானது. செருகி சூடாகி உருகுவதற்கு அதிக நேரம் எடுக்காது. தகுந்த மின்வேலையாளரைக் கொண்டு 13 அம்பியர் செருகியைத் தகுந்த கம்பியோடு போட்டுக்கொள்ள வேண்டும். செலவு அதிகமில்லை: ஒரு மணி நேரம் இடைவிடாது எரிந்தாலும் ஒன்றரை அலகுதான், கம்பிகள் விட்டுவிட்டு எரிவதால் உண்மையில் அதைவிடக் குறையும். மாலையில் மின்னழுத்தம் 210 வோல்ற்றுக்கு இறங்கினால் 1500 வாற்று 1250 அளவுக்குக் குறைந்துவிடும் என்பதால், கேக் வேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்கிறேன்.

பாண் ஓரளவுக்கே வருகிறது. பேக்கரிப் போறணையில் கிடைக்கும் மேலோட்டின் மொறுமொறுப்பை இதில் எதிர்பார்க்க வேண்டாம். மஞ்சள், மிளகு, தேசிக்காய்ப்புளி தடவிய விளைமீனை மேற்கம்பியில் வாட்டினால் மிக நன்றாக இருக்கிறது, ஆனால் தட்டத்தில் சிறிது நீர் ஊற்றாவிட்டால் மறுநாள் கேக்கில் மீன் மணக்கும்.

வருகிற மார்கழியில் ரவையும் கஜுவும் போட்ட லவ் கேக்கையும் இதிலேயே சுடப்போகிறேன். அதற்கு 150 பாகையில் நீண்ட நேரம் வேண்டும் என்பதால், தட்டின் அடியிலும் சுற்றிலும் பத்திரிகைத் தாளை நான்கு மடிப்பாக வைத்து, அதன் மேல் எண்ணெய்க் கடதாசி விரிக்க வேண்டும். இரண்டு தட்டுகளை ஒன்றாக வைத்தால் சூடு சுற்றி வர இடமிராது; ஆகவே நாளுக்கு ஒரு தட்டாக, இரண்டு காலைகள் ஒதுக்கியிருக்கிறேன்.