ரூத்தையும் எஸ்தரையும் வீட்டில் வாசிக்க எந்த வேதாகமம் வாங்கலாம்?

குடும்ப ஜெபத்துக்கென்று வேதாகமம் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அட்டையையும் ஜிப்பையும் பார்த்து எடுத்துவிடுகிறார்கள். கடையிலேயே ரூத் 2-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அந்தப் பதிப்பு உங்கள் வீட்டுக்கு ஒத்துவருமா என்பது பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

ரூத் புத்தகத்தில் தரிசனமும் கிடையாது, அற்புதமும் கிடையாது. 4 அதிகாரம், 85 வசனம். கர்த்தர் இன்னதைச் செய்தார் என்று கதையின் ஓட்டத்தில் நேரடியாக வருவது இரண்டே இடத்தில்: தம் ஜனத்துக்கு ஆகாரம் கொடுத்தது (1:6), ரூத்தைக் கர்ப்பந்தரிக்கப் பண்ணினது (4:13). நடுவில் இருப்பதெல்லாம் பஞ்சம், மூன்று சாவு, அறுவடை, ஊர்வாசலில் ஒரு வழக்கு. மாமியார் நகோமியை விடமாட்டேன் என்று வந்த மருமகள் ரூத் கதிர் பொறுக்கப் போன இடம் ‘தற்செயலாய்’ உறவினர் போவாசின் வயல். அதற்கு மேல் எழுத்தாளர் வாயைத் திறப்பதில்லை. ஆகவே நல்ல பதிப்பு என்பது அவர் விட்ட இடைவெளியை அப்படியே விட்டுவைத்து, அன்றைய சட்டத்தை மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அந்த வேலையைச் சரியாகச் செய்வது பழைய மொழிபெயர்ப்பின் ஒத்தவாக்கியப் பதிப்புதான், அதாவது தொடர்புள்ள மற்ற வசனங்களின் எண்களை ஓரத்தில் போட்ட பதிப்பு. கதிர் பொறுக்கும் உரிமைக்கு லேவியராகமம் 19:9, உபாகமம் 24:19. நிலத்தை மீட்பதற்கு லேவியராகமம் 25:25. இறந்தவன் பெயரை நிலைநிறுத்துவதற்கும் செருப்பைக் கழற்றுவதற்கும் உபாகமம் 25:5-10. மோவாபியர் சபைக்கு வரக்கூடாது என்பதற்கு உபாகமம் 23:3. இந்த நான்கு விஷயத்துக்கும் உரிய வசனங்கள் ஓரத்தில் இருந்தால் போதும். கடைசியாகச் சொன்னது விட்டுப்போயிருந்தால் அந்தப் பதிப்பை வைத்துவிடுங்கள். அது இல்லாமல், மோவாபியப் பெண்ணான ரூத்தைச் சேர்த்துக்கொள்வது பெத்லகேமுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பது பிள்ளைகளுக்குப் பிடிபடாது.

பழைய மொழிபெயர்ப்பில் ஒரு சங்கடம் உண்டு. மேற்கோள் குறி கிடையாது. ரூத்திலோ பாதிக்கு மேல் பேச்சு. வேகமாக வாசித்தால் நகோமி எங்கே முடித்தாள், ரூத் எங்கே தொடங்கினாள் என்று கேட்பவர்கள் குழம்புவார்கள், முக்கியமாக 2:19-22-இல். ஆளுக்கு ஒரு பாத்திரமாகப் பிரித்துக் கொடுத்து வாசித்தால் தீர்ந்தது. மொத்தமே இருபது நிமிட வேலை. எளிய நடைப் பதிப்புகளில் மேற்கோள் குறியும் பத்தியும் இருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு அவை சுலபம். ஆனால் இடையிடையே போடும் தலைப்பு, வரப்போவதை முன்னாலேயே சொல்லிவிடுகிறது. தலைப்பை வாசிக்காமல் தாண்டிவிடுங்கள்.

விளக்கக் குறிப்புகள் நிறைந்த தடித்த பதிப்புகளை இந்த இரண்டு புத்தகங்களுக்குச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. பஞ்சத்தில் நகோமியின் குடும்பம் பெத்லகேமை விட்டு மோவாபுக்குப் போனதற்குத் தண்டனைதான் அந்தச் சாவுகள் என்று அடிக்குறிப்பு தீர்ப்பு எழுதிவிடும். வசனத்தில் அப்படி இல்லை. ‘சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார்’ என்று நகோமி சொல்வதை யாரும் கண்டிக்கவும் இல்லை. வீட்டில் துக்கம் நடந்த வருஷத்தில் அந்தக் குறிப்பை உரக்க வாசித்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்து எடை, அளவுப் பட்டியல் மட்டும் தேவை. ரூத் ஒரே நாளில் பொறுக்கியது மூலத்தின் கணக்கில் ஏறக்குறைய ஒரு ஏப்பா, சுமார் 22 லிட்டர். பொறுக்குகிறவளுக்கு அவ்வளவு சேராது. வேண்டுமென்றே சிந்திவிடச் சொன்ன போவாசின் உத்தரவு (2:16) அந்த அளவில் தெரிகிறது.

தமிழில் இந்தப் புத்தகத்துக்குத் தனி இடம் உண்டு என்பதையும் சொல்லிவிடலாம். தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு 1719-இல் காலமானபோது பழைய ஏற்பாட்டில் ரூத் வரைதான் மொழிபெயர்த்திருந்தார். மீதியை முடித்தவர் அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்சே.

எஸ்தர் வேறு விஷயம். பழைய மொழிபெயர்ப்பில் 10 அதிகாரம், 167 வசனம், ஓரிடத்திலும் தேவன் பெயர் இல்லை. ராஜாவுக்குத் தூக்கம் வராத ஓர் இரவில் (6:1), யூதரை அழிக்கப் போட்ட திட்டமெல்லாம் திரும்புகிறது. 1995-இல் வந்த திருவிவிலியத்தின் கத்தோலிக்கப் பதிப்பில், எபிரேயத்தில் இல்லாத பகுதிகளும் சேர்ந்த கிரேக்க எஸ்தரும் உண்டு. அதில் எஸ்தரை வளர்த்த மொர்தெகாயும் எஸ்தரும் கடவுளைக் கூப்பிட்டு வேண்டுகிறார்கள். முதலில் எபிரேயத்தை வாசித்து, பிறகு கிரேக்கத்தை எடுத்தால் இரண்டுக்கும் உள்ள தூரம் பிள்ளைகளுக்கே தெரியும். மாற்றி வாசித்தால் முதலாவதன் மௌனம் காதில் விழாது.

மறுபடி ரூத்துக்கு வந்தால், 4:18-22-இல் வரும் பத்துப் பெயர்களைச் சலிப்பு என்று விட்டுவிடாதீர்கள். பேரேஸ் முதல் தாவீது வரை போகும் அந்தப் பட்டியலில்தான் பெத்லகேமின் ஒரு விதவைக் குடும்பத்துக்கு நடந்தது எதற்காக என்பது வெளியே வருகிறது. பக்கத்தில் மத்தேயு 1:5 போட்டிருந்தால் இன்னும் நல்லது.

இனி பொருளின் தரம். பசை மட்டும் போட்ட பைண்டிங்கா, தைத்ததா என்று முதுகைப் பிரித்துப் பாருங்கள். பசை மட்டும் போட்டது ரூத் பக்கத்தில் விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளும். தாள் மெல்லிசு, எனவே பின்பக்க எழுத்து தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஜிப் வைத்தது பயணத்துக்குச் சரி. அவசரத்தில் மூடினால் பல் தாளின் ஓரத்தைக் கவ்விக் கிழித்துவிடும். புத்தகங்களைச் சட்டென்று திறக்கப் பக்க ஓரத்தில் வெட்டி வைக்கும் தம்ப் இன்டெக்ஸுக்குக் கூடுதல் காசு கொடுத்தாலும் நாலு அதிகாரப் புத்தகத்துக்குத் தனி வெட்டு பெரும்பாலும் இருக்காது, நியாயாதிபதிகளோடு சேர்ந்தே வரும். அந்தக் காசில் பெரிய எழுத்துப் பதிப்பாக வாங்குங்கள்.